உப்புக்காற்றில் ஓடப்போகும் கணினிக்கு எத்தனை வாட் எஸ்எம்பிஎஸ் போதும்?

உச்சிப்புளிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டில் குடியிருக்கிறேன். திருமணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா ஆகியவற்றின் வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. கையில் இருக்கும் கணினி 4கே காட்சிகளைத் தாங்கவில்லை; ஒரு பாட்டுக்கான காட்சியை ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனால், சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகும் அது முடிந்திருப்பதில்லை. ஆகவே பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டிக்கொள்ளத் தீர்மானித்திருக்கிறேன்.

ரைசன் 5 7600 பிராசசர், 12 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி ஆகியவற்றை முடிவு செய்துவிட்டேன். பழைய கணினியில் இருக்கும் இரண்டு ஹார்டு டிஸ்குகளையும் கழற்றி இதில் போட்டுக்கொள்வேன். குழப்பமெல்லாம், சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை வாங்குவதில்தான். பழைய கேபினட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் அதையே மாற்றிப் போட்டால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். 750-க்குக் குறைந்து எதையும் தொடவே கூடாது என்று இன்னொருவர் சொல்கிறார். எஸ்எம்பிஎஸ்ஸுக்காக நான் ஒதுக்கியிருப்பது ஆறாயிரம் ரூபாய்.

எங்கள் வீட்டு மின்சாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோடைக்காலத்தில் மாலை ஏழு மணிக்கு மேல் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 185 வோல்ட்டுக்கு மேல் காட்டுவது அரிது. நள்ளிரவுக்குப் பிறகு அதுவே 240-ஐத் தாண்டிவிடுகிறது. 600 விஏ யூபிஎஸ் ஒன்று இருக்கிறது. இவை தவிர, இப்போதுள்ள கணினியின் கேபினட்டைக் காலில் செருப்பில்லாமல் தொட்டால் விரலில் சுள்ளென்று ஒரு சிறு அதிர்வு தெரிகிறது. அது பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கோளாறா, புதியது வாங்கினால் போய்விடுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழுதுபார்ப்பவர் (ராமநாதபுரம்):

தம்பி, வாட் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அது நீங்கள் பயப்படும் அளவுக்குக் கடினமானது அன்று. ரைசன் 5 7600-இன் மேல் 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழுச் சுமையில் அது 88 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, இரண்டு ஹார்டு டிஸ்குகள், மின்விசிறிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 60 வாட் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 318 வருகிறது. 320 என்றே எடுத்துக்கொள்வோம். கணினியை இயக்கும் முதல் சில வினாடிகளில், தட்டுச் சுழலத் தொடங்கும்போது, ஒவ்வொரு ஹார்டு டிஸ்கும் 20 வாட்டுக்கு மேல் இழுக்கும் என்றாலும், அந்த நேரத்தில் கிராபிக்ஸ் கார்டு சும்மா இருப்பதால் அதைத் தனியாகக் கூட்ட வேண்டியதில்லை. எஸ்எம்பிஎஸ் வயதாகி வலுவிழப்பதற்கும் நம் ஊர் வெயிலுக்கும் இடம் விட்டுப் பார்த்தால் 550 வாட் தாராளம். 3060-க்கு என்விடியா நிறுவனமே பரிந்துரைப்பதும் 550-தான். அந்தப் பரிந்துரை, உங்களுடையதைவிட அதிகம் இழுக்கும் பிராசசர்களையும் மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது.

ஆனால் 550 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறத்தாழ முழுவதுமாக 12 வோல்ட் இணைப்பிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. ஆகவே பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் கட்டத்தில் 12 வோல்ட்டுக்குக் கீழே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்பதைத்தான் படிக்க வேண்டும். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அது 45 ஆம்பியரை ஒட்டி இருக்கும். 12-ஆல் பெருக்கினால் 540 வாட் வந்துவிடும். உங்களுடைய பழைய 450-இன் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். அதன்பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

கீழக்கரை மென்பொருளாளர்:

சகோதரருக்கு வணக்கம். ஐயா போட்ட கணக்கு சரியானதே. எனினும் என் கருத்தில் 850 வாட்டாக ஒரே முறை வாங்கிவிடுவது நல்லது. அதற்கு இரண்டு காரணங்களைச் சொல்கிறேன். முதலாவது, கிராபிக்ஸ் கார்டுகள் தம் மேல் எழுதியிருக்கும் வாட்டுக்குள் சராசரியாகத்தான் அடங்கி நிற்கின்றன. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்துக்கு அவை அந்த அளவைப் பெரிதும் தாண்டிப் பாய்வது உண்டு. 3080, 3090 ஆகிய கார்டுகள் வந்தபோது, கணக்குப்படி போதுமான எஸ்எம்பிஎஸ்ஸே திடீரென்று அணைந்துபோவதைப் பலர் கண்டார்கள். அதனால்தான் 2022-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறையில், 100 மைக்ரோநொடி நேரத்துக்குத் தன் அளவில் இரு மடங்கு வரை பாயும் சுமையையும் எஸ்எம்பிஎஸ் அணையாமல் தாங்க வேண்டும் என்று எழுதப்பட்டது.

இரண்டாவது காரணம் எதிர்காலம். இன்று 3060 வைத்திருப்பவர் மூன்று ஆண்டு கழித்து அதைவிடப் பெரிய கார்டுக்குப் போகும்போது எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றுவது வீண் செலவு. தவிரவும், பெரிய எஸ்எம்பிஎஸ் குறைந்த சுமையில் சூடில்லாமல் ஓடும்; அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றும்.

பழுதுபார்ப்பவர் (ராமநாதபுரம்):

பாய்ச்சலைப் பற்றிக் கீழக்கரை நண்பர் சொன்னது உண்மை. ஆனால் 3060 அந்த அளவுக்கு இழுக்கும் கார்டு அன்று. அதன் 170 வாட் இரு மடங்காகப் பாய்ந்தாலும் 340. அதனோடு மற்றவற்றின் 148-ஐக் கூட்டினால் 488. அதாவது கண்ணிமைக்கும் நேரத்துக்கு வரும் அந்த உச்சம்கூட 550-க்குள் அடங்கிவிடுகிறது.

எனக்கு உடன்பாடில்லாத இடம் வேறு. கேள்வி கேட்டவரின் கையில் இருப்பது ஆறாயிரம் ரூபாய். அந்தப் பணத்துக்குள் 850 வாட் என்று தேடினால் நீங்கள் வாங்குவது எண்ணைத்தான், பொருளை அன்று. உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்களும் எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் அந்த விலைக்கு இறங்கியிருக்கும். அதே பணத்துக்கு 550-இலோ 650-இலோ 105 டிகிரி தாங்கும் கெபாசிட்டர்கள் போட்ட, ஐந்தாண்டு உத்தரவாதம் உள்ள எஸ்எம்பிஎஸ் கிடைக்கும். 85 டிகிரிக்கும் 105 டிகிரிக்கும் உள்ள வேறுபாட்டைச் சின்னதாக நினைக்காதீர்கள். கெபாசிட்டர் இருக்கும் சூடு 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது எங்கள் தொழிலில் கைக்கணக்கு. மே மாதத்தில் ஓட்டு வீட்டு அறைக்குள் கேபினட்டின் உட்புறச் சூடு என்ன ஆகும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்ற முத்திரைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கடைகளில் அதைத் தரச் சான்றிதழ் போலக் காட்டுகிறார்கள். அது சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை விழுக்காடு கணினிக்குப் போய்ச் சேர்கிறது என்பதற்கான அளவு மட்டுமே. பிரான்ஸ் என்றால், 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில் 85 விழுக்காடு. கோல்டு என்றால் 90. அந்தச் சோதனை 23 டிகிரியை ஒட்டிய அறையில் நடத்தப்படுவது. ஷார்ட் ஆனால் எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளுமா என்பதை அந்த முத்திரை சோதிப்பதே இல்லை. ஆகவே பிரான்ஸ் இருந்தால் நல்லது; அது இருப்பதாலேயே எல்லாம் சரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நம் கடற்கரைக்காரர்கள் கட்டத்தில் படிக்க வேண்டிய இன்னொரு வரி இருக்கிறது. உள்வரும் மின்சாரம் என்ற இடத்தில் சிலவற்றில் 200 முதல் 240 வோல்ட் என்றும், சிலவற்றில் 100 முதல் 240 வோல்ட் என்றும் அச்சிட்டிருக்கும். மாலையில் 185 வோல்ட் வரும் வீட்டுக்கு முதல் வகை ஆகாது. இரண்டாவது வகையில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று இருக்கும். அது வரும் மின்னழுத்தம் எதுவானாலும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரை 380 வோல்ட்டை ஒட்டி ஏற்றி நிறுத்தி வைக்கிறது. அந்தச் சுற்று இல்லாத பழைய வகையில் கெபாசிட்டரில் நிற்பது, வரும் மின்னழுத்தத்தின் 1.414 மடங்கு மட்டுமே. 230 வந்தால் 325 நிற்கும். 180 வந்தால் 254-தான் நிற்கும். சேமிப்பு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், 180 வோல்ட்டில் அதன் கையிருப்பு 61 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. மின்சாரம் ஒரு கணம் கண்சிமிட்டினால் நடுவில் தாங்கிப் பிடிப்பது அந்தக் கையிருப்புத்தான். மாலை நேரத்தில் பக்கத்து வீட்டு மோட்டார் போட்டவுடன் கணினி தானாக அணைந்து எழும் வீடுகளுக்கு நான் போய்ப் பார்த்தபோதெல்லாம், பெரும்பாலும் கண்ட காரணம் இதுவே.

உச்சிப்புளிக்காரன்:

ஐயா சொன்னபடி பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கட்டத்தைப் பார்த்தேன். 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 30 ஆம்பியர், 3.3 வோல்ட்டுக்கு 28 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் சிவப்பு நிற ஸ்விட்சும் இருக்கிறது. மூலைகளில் துரு ஏறி, திருகுகள் பழுப்பாகிவிட்டன. இதை வைத்து ஓட்ட முடியுமா? 3060-க்கு வேண்டிய எட்டு முள் இணைப்பு இதில் இல்லை; ஹார்டு டிஸ்குக்குப் போகும் இணைப்பிலிருந்து எட்டு முள்ளாக மாற்றும் வயர் இணையத்தில் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

பழுதுபார்ப்பவர் (ராமநாதபுரம்):

நீங்களே பெருக்கிப் பாருங்கள், தம்பி. 12 வோல்ட்டில் 192 வாட், 5 வோல்ட்டில் 150 வாட், 3.3 வோல்ட்டில் 92 வாட். மிச்சமிருக்கும் சில்லறை இணைப்புகளின் 16 வாட்டையும் சேர்த்தால் 450 வந்துவிடுகிறது. கணக்கில் பொய் இல்லை. ஆனால் உங்கள் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மட்டுமே 12 வோல்ட்டில் 258 வாட் கேட்கும்போது, கொடுக்க இதனிடம் இருப்பது 192. பிராசசர் 5 வோல்ட்டைத் தின்ற காலம் ஒன்று இருந்தது. 2000-ஆம் ஆண்டில் பென்டியம் 4-ஐ ஒட்டி, பிராசசருக்கென்று 12 வோல்ட் இணைப்புத் தனியாக வந்த பிறகு அந்தக் காலம் முடிந்துவிட்டது. விலை குறைந்த கேபினட்டுகளோடு வரும் எஸ்எம்பிஎஸ்கள் மட்டும் அதன் பிறகும் பல ஆண்டுகள் அதே பங்கீட்டோடு வந்துகொண்டிருந்தன.

அந்த இருநூறு ரூபாய் வயரை வாங்கவே வாங்காதீர்கள். எட்டு முள் இணைப்பு 150 வாட் கொடுப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. ஹார்டு டிஸ்குக்குப் போகும் சாட்டா மின் இணைப்பின் 12 வோல்ட் முட்கள் மூன்றும் சேர்ந்து 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்தான் தாங்கும். அதிலிருந்து இதை எடுத்தால் பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்ளும்; உருகிப்போன இணைப்புகளை நான் கத்தியால் அறுத்தெடுத்திருக்கிறேன். சிவப்பு ஸ்விட்சை வீட்டுக் குழந்தைகள் 115 பக்கம் தள்ளிவிட்டால் அடுத்த முறை இயக்கும்போதே பட்டாசுச் சத்தம் கேட்கும். மொத்தத்தில் அந்தப் பெட்டிக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். ஆனால் கழற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். மின்சாரத்திலிருந்து பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட் நின்றுகொண்டிருக்கக்கூடும்.

பாம்பன் வயர்மேன்:

கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று அடிப்பதைப் பற்றி இன்னும் ஒருவரும் பேசவில்லை. இந்தக் கேள்வியில் முதலில் பார்த்திருக்க வேண்டியது அதுதான் என்பது என் எண்ணம்.

அது எஸ்எம்பிஎஸ்ஸின் கோளாறு அன்று. எர்த் இல்லாததன் அடையாளம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில், பேஸிலிருந்து உலோகப் பெட்டிக்கு ஒன்றும் நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு ஒன்றுமாக இரண்டு சிறு கெபாசிட்டர்கள் இருக்கும். இரைச்சலை வடிகட்டித் தரைக்கு அனுப்புவது அவற்றின் வேலை. மூன்றாவது முள் தரையோடு சேராமல் தொங்கினால், அந்த இரண்டு கெபாசிட்டர்களுக்கும் நடுவே இருக்கும் பெட்டி, வரும் மின்னழுத்தத்தில் பாதியில், அதாவது 115 வோல்ட்டை ஒட்டி நிற்கும். அதன் வழியே ஓடக்கூடிய மின்னோட்டம் மிகவும் சிறியது என்பதால் ஆளைத் தூக்கிப் போடாமல் விரலில் மட்டும் சுள்ளென்கிறது. புதிய எஸ்எம்பிஎஸ் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் இதே போல்தான் அடிக்கும், ஏனெனில் அந்த இரண்டு கெபாசிட்டர்களும் எல்லா நல்ல எஸ்எம்பிஎஸ்களிலும் உண்டு.

இதைப் பொறுத்துக்கொண்டு வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எர்த் உள்ள டிவியோடு எச்டிஎம்ஐ வயரைச் செருகும் கணத்தில் அந்த மின்னழுத்தம் முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் வாய் வழியாகத்தான் இறங்கும். பொறி பறப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். என்றைக்காவது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பேஸ் வயர் பெட்டியில் பட்டுவிட்டால் அன்று விரலோடு நிற்காது.

எங்கள் பக்கத்து வீடுகளில் எர்த் பெரும்பாலும் ஒரு காலத்தில் போட்டதாகவே இருக்கும். ஜிஐ பைப்பை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, மேலே சிமெண்டுத் தொட்டியும் கட்டியிருப்பார்கள். உப்பு நிறைந்த நம் மண்ணுக்கு மேலும் உப்பைக் கொட்டுவது அந்தப் பைப்பைச் சீக்கிரம் தின்னக் கொடுப்பதுதான். ஐந்தாறு ஆண்டுகளில் வயரும் பைப்பும் சேரும் இடம் துருவாகி உதிர்ந்துவிடும்; வீட்டுக்குள் பச்சை வயர் அழகாக ஓடும், வெளியே அது எதையும் தொட்டுக்கொண்டிருக்காது. துருவின் வேகத்துக்குச் சாட்சி வேண்டுமானால் எங்கள் ஊர்ப் பாலமே போதும். 1914-இல் திறந்த பழைய பாலத்தைக் காலமெல்லாம் சுரண்டிப் பெயிண்ட் அடித்தே காப்பாற்றினார்கள்; 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட வேண்டியதாயிற்று.

மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 காட்டிவிட்டதே என்று நம்பிவிடாதீர்கள். அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் எர்த்திலும் மீட்டர் அப்படிக் காட்டும், ஏனெனில் மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. 100 வாட் குண்டு பல்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்து அது மங்காமல் எரிகிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். வீட்டில், மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருந்தால் அந்தச் சோதனையில் அது உடனே விழுந்துவிடும், விழுவதுதான் சரி. இதை வேலை தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள், நீங்களாகச் செய்ய வேண்டாம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். எர்த் இல்லாத வீட்டில் சுவிட்ச் போர்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டுப் போகும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சுள்ளென்பது நின்றுவிடும், வீட்டுக்காரரும் மகிழ்ந்துபோவார். பிறகு ஒருநாள் வெளியே நியூட்ரல் அறுந்தால் உங்கள் கேபினட், மிக்சி, பிரிட்ஜ் எல்லாவற்றின் உடம்பிலும் முழு 230 வோல்ட் வந்து நிற்கும்.

கீழக்கரை மென்பொருளாளர்:

வயர்மேன் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு என் கணினியின் பின்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், எனக்கும் அடிக்கிறது. 850 வாட் கோல்டு வாங்கி வைத்துக்கொண்டு ஊருக்கு உபதேசம் செய்தவனின் நிலை இது.

என் முந்தைய பதிலைச் சற்றே திருத்திக்கொள்கிறேன். 850 என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆனால் 550-க்கும் 650-க்கும் விலையில் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்தான் வேறுபாடு என்றால் 650-க்குப் போகலாம். பின்னாளில் 200 வாட் இழுக்கும் 4070 போன்ற கார்டுக்கு மாறினாலும் அது போதும். அதற்கு என்விடியா சொல்லும் அளவும் 650-தான். விசிறி மெதுவாகச் சுற்றினால் உள்ளே இழுபடும் உப்புக்காற்றும் குறையும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பழுதுபார்ப்பவர் (ராமநாதபுரம்):

650-க்கு எனக்கும் மறுப்பில்லை. உப்புக்காற்றைப் பற்றி நண்பர் எடுத்துக் கொடுத்ததால் அதைத் தொடர்கிறேன், ஏனெனில் நம் கடற்கரையில் எஸ்எம்பிஎஸ்களைக் கொல்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. உப்பு வெறும் தூசி அன்று. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு கீழேயே ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதாவது உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் பலகை மேல் படியும் உப்பு, ஆண்டின் பெரும்பகுதியில் ஈரமான, மின்சாரத்தைக் கடத்தும் ஒரு மெல்லிய படலமாகவே இருக்கிறது. மதர்போர்டில் 12 வோல்ட்டுக்கு மேல் எங்கும் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸிலோ 380 வோல்ட் நிற்கும் தடங்களுக்கு இடையே அந்தப் படலம் பரவுகிறது. அதனால்தான் மற்ற பாகங்களுக்கு முன்னால் அது போகிறது.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்குப் பக்க ஜன்னல் ஓரத்தில் கேபினட்டை வைக்காதீர்கள். வாடைக்காலத்தில் வடக்குப் பக்கத்துக்கும் இதுவே பொருந்தும். எஸ்எம்பிஎஸ் அடியில் பூட்டும் கேபினட்டாக இருந்தால் விசிறி கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, அதன் கீழே கழற்றிக் கழுவக்கூடிய வலை இருக்கிறதா என்று பாருங்கள்; கேபினட்டைத் தரையில் வைக்காமல் ஒரு முக்காலியின் மேல் வையுங்கள். வலையைக் கழுவும்போது போர் தண்ணீரில் கழுவாதீர்கள். உங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் காய்ந்தால் வலை முழுவதும் உப்புப் பூத்துவிடும். குடிக்கும் தண்ணீரில் ஒரு குவளை போதும். கணினியை மாதக்கணக்கில் அணைத்தே வைத்திருப்பதைவிட வாரம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓட்டுவது நல்லது; உள்ளே சூடேறினால் ஈரம் விலகும். வாங்கும்போது உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள்; துருவால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று அதில் எழுதியிருந்தால் ஐந்தாண்டு என்பதற்கு நம் ஊரில் பொருள் வேறு.

அடுத்தது யூபிஎஸ். 600 விஏ என்பது 600 வாட் அன்று. இந்த வகையில் வழக்கமாக 360 வாட்தான். உங்கள் கணினி 320 வாட் இழுக்கும்போது, எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 370 எடுக்கும், மானிட்டரோடு 400. தொகுத்த வீடியோவைக் கணினி கோப்பாக வெளியே எடுத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்த யூபிஎஸ் ஒரு அலறலோடு தானும் அணைந்துவிடும். 600 வாட் என்று வெளிப்படையாக அச்சிட்ட 1000 விஏ யூபிஎஸ் வேண்டும். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ்களில் சில, விலை குறைந்த யூபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது தரும் படிக்கட்டு வடிவ அலையோடு ஒத்துப்போவதில்லை. ஆகவே சுவர் மின்சாரத்தைப் போலவே சீரான சைன் அலை தரும் யூபிஎஸ்ஸாக இருந்தால் கவலை குறையும். இல்லாவிட்டால் வாங்கும் கடையிலேயே முழுச் சுமையில் ஓட்டிப் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பேட்டரிக்கு மாற யூபிஎஸ் எடுத்துக்கொள்வது பொதுவாக 10 மில்லிநொடிக்குள். நல்ல எஸ்எம்பிஎஸ் 16 அல்லது 17 மில்லிநொடி தாங்கும். தனியாக ஸ்டெபிலைசர் தேவையில்லை. இடி மின்னல் நாட்களில் பிளக்கைப் பிடுங்கும்போது இணைய வயரையும் சேர்த்துப் பிடுங்க மறக்காதீர்கள்.

உச்சிப்புளிக்காரன்:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதலில் எர்த்தைத்தான் பார்த்தேன். சிமெண்டுத் தொட்டியைத் திறந்தபோது, வயர்மேன் அண்ணன் நேரில் பார்த்து எழுதியது போலவே இருந்தது: செம்பு வயரின் நுனி பச்சை பூத்துத் தனியே கிடந்தது, பைப்பின் வாயைக் கையால் கிள்ளினால் பொரித்த அப்பளமாக உதிர்ந்தது. உள்ளூர் எலக்ட்ரீசியன் ஈரமண் வரும் ஆழம் வரை செம்புக் கம்பி இறக்கி, ஆர்சிசிபியும் போட்டுக் கொடுத்தார். அன்று மாலையே பழைய கணினியை வெறுங்காலோடு தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இத்தனை ஆண்டுகள் அதைக் கணினியின் குணம் என்று நினைத்துப் பழகியிருக்கிறேன்.

எஸ்எம்பிஎஸ் 650 வாட் பிரான்ஸ் வாங்கினேன். 12 வோல்ட்டில் 54 ஆம்பியர், உள்வருவது 100 முதல் 240 வோல்ட், 105 டிகிரி கெபாசிட்டர் என்று மூன்றையும் பார்த்தே வாங்கினேன். ஒதுக்கியதைவிட நானூறு ரூபாய் அதிகமாயிற்று. யூபிஎஸ்ஸுக்கு இந்த மாதம் பணம் இல்லை. அடுத்த முகூர்த்த மாதம் வரட்டும். மாலை 183 வோல்ட்டில் ஒரு மணி நேரம் 4கே காட்சியை வெளியே எடுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மோட்டார் இரண்டு முறை ஓடியும் கணினி அசையவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் வயர்கள் கழற்றி மாட்டும் வகையைச் சேர்ந்தவை. மூன்றாவதாக ஒரு ஹார்டு டிஸ்க் போட வேண்டும். சாட்டா வயரின் நீளம் எட்டவில்லை. நண்பரிடம் வேறு நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த நீளமான வயர் இருக்கிறது, சொருகிப் பார்த்தேன், சரியாக உட்காருகிறது. அதையே போட்டுக்கொள்ளலாமா?

பழுதுபார்ப்பவர் (ராமநாதபுரம்):

உடனே பிடுங்கிவிடுங்கள், தம்பி. ஹார்டு டிஸ்க் பக்கத்து முனைக்குத்தான் பொது விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்த முள்ளில் 12 வோல்ட், எந்த முள்ளில் 5 வோல்ட் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. உருவத்தில் சரியாக உட்காரும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். டிஸ்க் அந்தக் கணமே போய்விடும்; அதில் இருக்கும் திருமண வீடியோவும் போய்விடும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸைச் செய்த நிறுவனத்திடமே அதே மாடலுக்கான நீள வயரைக் கேட்டு வாங்குங்கள், அல்லது டிஸ்க்கை வயர் எட்டும் தட்டுக்கு மாற்றிப் பூட்டுங்கள்.

உச்சிப்புளிக்காரன்:

பிடுங்கிவிட்டேன் ஐயா. இன்னும் இயக்கிப் பார்க்கவில்லை, நல்ல வேளை. டிஸ்க்கைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டேன், வயர் எட்டுகிறது.